மணிக்கொரு முறை அணைந்த கம்ப்யூட்டர்: வீட்டுக்கு வந்துவிட்ட சர்வர் சிஸ்டத்தைச் சமாளிப்பது எப்படி?

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் இருக்கும் ஊர் கிளியனூர். அங்கே ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் ஒரே அறையில் நடத்தும் ஒரு பெண்மணி என்னிடம் போனில் பேசினார். "சார், கம்ப்யூட்டர் தானாவே ஆஃப் ஆயிடுது. எஸ்எம்பிஎஸ் மாத்திட்டேன், ராம் மாத்திட்டேன், யுபிஎஸ்ஸும் மாத்தியாச்சு. இன்னும் என்ன மாத்தணும்னு சொல்லுங்க" என்றார். பிளஸ் டூ ரிசல்ட் வந்து கல்லூரி விண்ணப்பங்கள் குவியும் நேரம். பாதி நிரப்பிய விண்ணப்பம் கண் முன்னே காணாமல் போனால், வரிசையில் நிற்கும் பெற்றோருக்கு யார் பதில் சொல்வது?

நான் அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "ஆன் செய்ததிலிருந்து எவ்வளவு நேரம் கழித்து அணைகிறது?" கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "கரெக்டா ஒரு மணி நேரம் சார்."

சூட்டினால் அணையும் கம்ப்யூட்டர் கடிகாரம் பார்த்து அணைவதில்லை. கெட்டுப்போன எஸ்எம்பிஎஸ் ஒரு நாள் பத்து நிமிடத்திலும் மறுநாள் மூன்று மணி நேரத்திலும் காலை வாரும். சரியாக ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை அணைகிறது என்றால், கோளாறு ஹார்ட்வேரில் இல்லை. உள்ளே இருக்கும் ஏதோ ஒரு புரோகிராம்தான் அணைக்கிறது. நேரில் சென்று பார்த்தபோது சந்தேகம் உறுதியானது. ஆறு மாதத்துக்கு முன் வாங்கிய செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் அது. விற்றவர் அதில் போட்டுக் கொடுத்திருந்தது வழக்கமான விண்டோஸ் இல்லை. விண்டோஸ் சர்வர் 2019. அதுவும் சோதித்துப் பார்ப்பதற்காகத் தரப்படும் இவாலுவேஷன் பதிப்பு.

இது இவருக்கு மட்டும் வரும் பிரச்சினை அல்ல. அலுவலகங்களிலிருந்து கழித்துக் கட்டப்பட்ட கம்ப்யூட்டர்கள் விற்பனைக்கு வரும்போது, சர்வர் சிஸ்டத்தோடு வீட்டுக்கு வந்து சேர்வதுண்டு. புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இதை எப்படிக் கண்டுபிடிப்பது, டிரைவர், லைசென்ஸ், அப்கிரேட் ஆகிய மூன்று சிக்கல்களை எப்படித் தீர்ப்பது என்று இங்கு வரிசையாகப் பார்க்கலாம்.

சர்வர் சிஸ்டம் என்றால் என்ன?

நாம் வீட்டில் பயன்படுத்தும் விண்டோஸ் 10, விண்டோஸ் 11 போன்றவை ஒருவர் உட்கார்ந்து வேலை செய்வதற்கான ஆபரேட்டிங் சிஸ்டங்கள். சர்வர் சிஸ்டம் என்பது பல கம்ப்யூட்டர்களுக்குச் சேவை செய்வதற்காக உருவாக்கப்பட்டது. பைல்களை ஒரே இடத்தில் வைத்துப் பலருக்குத் தருவது, பயனாளர்களின் பாஸ்வேர்டுகளை நிர்வகிப்பது, இணையதளத்தை இயக்குவது போன்றவை அதன் வேலைகள். பஸ்ஸும் காரும் ஒரே சாலையில்தான் ஓடுகின்றன. ஆனால் கடைக்குப் போய்வர யாரும் பஸ் வாங்குவதில்லை.

திரையில் பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும். அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். கீழ்க்காணும் அடையாளங்கள் உங்கள் கம்ப்யூட்டரில் உள்ளனவா என்று பாருங்கள்.

1. கம்ப்யூட்டரைத் திறந்ததும் சர்வர் மேனேஜர் என்ற விண்டோ தானாகவே வந்து நிற்கும்.

2. கம்ப்யூட்டரை அணைக்கும்போது, ஏன் அணைக்கிறீர்கள் என்று காரணம் கேட்டு ஒரு பட்டியல் காட்டும்.

3. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் எந்தத் தளத்தைத் திறந்தாலும், இந்தத் தளம் தடுக்கப்பட்டுள்ளது என்று எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும்.

4. எளிய பாஸ்வேர்டு கொடுத்தால் ஏற்றுக்கொள்ளாது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண் என்று கலந்து கேட்கும்.

5. ஸ்பீக்கர் நன்றாக இருந்தும் ஒலி வராது.

உறுதி செய்துகொள்ள, கீபோர்டில் விண்டோஸ் கீயுடன் ஆர் கீயை அழுத்தவும். கிடைக்கும் ரன் கட்டத்தில் ஆங்கிலத்தில் வின்வெர் என்று டைப் செய்து என்டர் தட்டவும். வரும் சிறிய விண்டோவில் விண்டோஸ் சர்வர் என்று இருந்தால், உங்களிடம் இருப்பது சர்வர் சிஸ்டம்தான். அதனுடன் இருக்கும் ஆண்டையும் பில்ட் எண்ணையும் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். டிரைவர் தேடும்போது இவை தேவைப்படும்.

முதல் சிக்கல்: லைசென்ஸ்

கிளியனூர் கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப்பில் வலது கீழ் மூலையில், இவாலுவேஷன் என்ற சொல்லும், லைசென்ஸ் காலம் முடிந்துவிட்டது என்ற வரியும், 17763 என்ற பில்ட் எண்ணும் சிறிய எழுத்தில் இருந்தன. வால்பேப்பரில் பிள்ளையின் போட்டோ வைத்திருந்ததால் அந்த எழுத்து யார் கண்ணிலும் படவில்லை.

சர்வர் சிஸ்டத்தை வாங்கும் முன் சோதித்துப் பார்க்க, மைக்ரோசாப்ட் 180 நாட்களுக்கு இவாலுவேஷன் பதிப்பை இலவசமாகத் தருகிறது. இன்ஸ்டால் செய்த முதல் 10 நாட்களுக்குள் இன்டர்நெட் மூலம் ஆக்டிவேட் செய்ய வேண்டும். 180 நாட்கள் முடிந்தபின் அது ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு முறை கம்ப்யூட்டரைத் தானாக அணைக்கும். ஆறு மாதம் சிக்கல் இல்லாமல் ஓடியது ஏன், விற்பனையாளர் கொடுத்த மூன்று மாத வாரண்டியில் அது அகப்படாதது ஏன் என்பது இப்போது புரிந்திருக்கும்.

இதை நீங்களே உறுதி செய்யலாம். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து ஈவன்ட் வியூவரைத் திறக்கவும். அதில் விண்டோஸ் லாக்ஸ், அதனுள் சிஸ்டம் என்ற பிரிவுக்குச் செல்லவும். 1074 என்ற எண் கொண்ட பதிவுகளைத் தேடுங்கள். கம்ப்யூட்டரை யார் அணைத்தது என்பதை அந்தப் பதிவு சொல்லும். அதில் டபிள்யூ, எல், எம், எஸ் என்ற நான்கு எழுத்துப் பெயருள்ள புரோகிராம் இருந்தால், அணைத்தது லைசென்ஸ் கண்காணிப்பாளர்தான். எஸ்எம்பிஎஸ் மீது பழி போடாதீர்கள்.

அடுத்து, லைசென்ஸ் எந்த வகை என்று பார்க்க வேண்டும். ரன் கட்டத்தில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து எழுத்துகளை ஆங்கிலத்தில் டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, முன்புறம் சாய்ந்த கோடு போட்டு, அதை ஒட்டி டி, எல், வி என்று கொடுத்து என்டர் தட்டவும். சில நொடிகளில் ஒரு பட்டியல் கிடைக்கும். அதில் கவனிக்க வேண்டியவை இவை.

ரீடெய்ல் என்று இருந்தால், கடையில் தனியாக விற்கப்படும் கீ. பில் உங்களிடம் இருந்தால் கவலை இல்லை.

ஓஇஎம் என்று இருந்தால், கம்ப்யூட்டர் தயாரித்த நிறுவனமே போட்டுக் கொடுத்தது. இந்த லைசென்ஸ் அந்தக் கம்ப்யூட்டருடன் மட்டுமே செல்லும். கேபினெட்டின் பக்கவாட்டில் ஸ்டிக்கர் இருக்கிறதா, ஸ்டிக்கரில் உள்ள பெயரும் திரையில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். கிளியனூர் கம்ப்யூட்டரின் ஸ்டிக்கரில் விண்டோஸ் 7 புரொபஷனல் என்று இருந்தது. உள்ளே இருந்ததோ சர்வர் 2019. விற்பனைக்கு முன் யாரோ மாற்றிவிட்டார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

வால்யூம் என்று இருந்தால், நிறுவனங்களுக்கு மொத்தமாகத் தரப்படும் லைசென்ஸ். வீட்டுக்கோ சிறிய கடைக்கோ இது முறையாக வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இதில் கேஎம்எஸ் என்ற வகை 180 நாட்களுக்கு ஒரு முறை நிறுவனத்தின் சொந்த சர்வரிடம் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அந்த நிறுவனத்துக்கு வெளியே இருக்கும் கம்ப்யூட்டரில் இந்த வகை இருந்தால், திருட்டு ஆக்டிவேட்டர் போடப்பட்டிருக்கலாம். அத்தகைய ஆக்டிவேட்டர்கள் வேலை செய்ய முதலில் ஆன்டி வைரஸை நிறுத்தச் சொல்லும். திருடனை உள்ளே விட நாயைக் கட்டிப்போடுவது போன்ற வேலை அது. வங்கிக் கணக்கு திறக்கும் கம்ப்யூட்டரில் ஒருபோதும் வேண்டாம்.

இவாலுவேஷன் என்று இருந்தால், அதே பட்டியலில் ரீஆர்ம் எண்ணிக்கை எத்தனை மீதம் என்றும் இருக்கும். மீதம் இருந்தால், மேலே சொன்ன கட்டளையில் டிஎல்வி என்பதற்குப் பதில் ரீஆர்ம் என்று கொடுத்து, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, கால அவகாசம் பெறலாம். ஆனால் இவாலுவேஷன் சோதனைக்கு மட்டுமே அனுமதிக்கப்பட்டது. அதை வைத்துக் கடை நடத்த உரிமை இல்லை. கிடைத்த அவகாசத்தை பைல்களை பேக்கப் எடுக்கப் பயன்படுத்துங்கள்.

முறையாக சர்வர் கீ வாங்கியவர்கள், சிஸ்டத்தை அழிக்காமலேயே இவாலுவேஷனை முழுப் பதிப்பாக மாற்றலாம். இதற்கு விண்டோஸிலேயே டிஸ்ம் என்ற கருவி உள்ளது. ஸ்டாண்டர்ட் இவாலுவேஷனை ஸ்டாண்டர்ட் ஆகவோ டேட்டா சென்டர் ஆகவோ மாற்றலாம். டேட்டா சென்டர் இவாலுவேஷனை ஸ்டாண்டர்ட் ஆக இறக்க முடியாது. கீ சரியாக இருந்தும் ஏற்கவில்லை என்று பலர் புலம்புவதற்கு இது ஒரு காரணம். எனவே கீ வாங்கும் முன்பே எந்தப் பதிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கீ மட்டும் போதுமா?

போதாது. இங்குதான் சர்வர் லைசென்ஸ் வீட்டு விண்டோஸிலிருந்து மாறுபடுகிறது. 2016 பதிப்பிலிருந்து ஸ்டாண்டர்ட், டேட்டா சென்டர் பதிப்புகளுக்கு பிராசசரில் உள்ள கோர்களின் எண்ணிக்கையைக் கொண்டு லைசென்ஸ் கணக்கிடப்படுகிறது. உங்கள் பிராசசரில் 4 கோர்கள் மட்டுமே இருந்தாலும், ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோர்களுக்கு வாங்க வேண்டும். அதற்கு மேல், அந்த சர்வரைப் பயன்படுத்தும் ஒவ்வொரு நபருக்கும் அல்லது ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் சிஏஎல் என்ற தனி அனுமதி வாங்க வேண்டும். ரிமோட் டெஸ்க்டாப் மூலம் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டுமானால் அதற்கென இன்னொரு வகை சிஏஎல் தேவை. இந்த வசதிக்கு 120 நாட்கள் சலுகை உண்டு. நான்கு மாதம் நன்றாக வேலை செய்த ரிமோட் இணைப்பு திடீரென்று மறுக்கப்பட்டால், காரணம் பெரும்பாலும் இதுதான். நிர்வாக வேலைக்காக இரண்டு பேர் மட்டும் இணையத் தனி சிஏஎல் தேவையில்லை.

இவ்வளவையும் கேட்ட கடைக்காரப் பெண்மணி, "என்கிட்ட இருக்கறதே மூணு கம்ப்யூட்டர்தான் சார். எனக்கு எதுக்கு இது?" என்றார். மிகச் சரியான கேள்வி. விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகியவற்றின் லைசென்ஸ் விதிகளே, ஒரு கம்ப்யூட்டரில் உள்ள பைல்களையும் பிரிண்டரையும் 20 சாதனங்கள் வரை பகிர்ந்துகொள்ள அனுமதிக்கின்றன. மூன்று கம்ப்யூட்டர் கடைக்கு சர்வர் சிஸ்டம் தேவையே இல்லை.

இரண்டாவது சிக்கல்: டிரைவர்

ஏதோ ஒரு காரணத்தால் உங்களிடம் சர்வர் சிஸ்டம்தான் இருக்கிறது, கொஞ்ச நாள் அதிலேயே வேலை செய்தாக வேண்டும் என்றால் அடுத்து வருவது டிரைவர் பிரச்சினை. இதில் பாதி பிரச்சினைகள் உண்மையில் டிரைவர் பிரச்சினைகளே அல்ல. வசதி உள்ளே இருக்கும், நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும்.

ஒலி வரவில்லையா? ரன் கட்டத்தில் சர்வீசஸ் டாட் எம்எஸ்சி என்று ஆங்கிலத்தில் கொடுத்து என்டர் தட்டவும். பட்டியலில் விண்டோஸ் ஆடியோ என்பதை டபுள் கிளிக் செய்து, ஸ்டார்ட்அப் டைப் என்ற இடத்தில் ஆட்டோமேட்டிக் என்று மாற்றி, ஸ்டார்ட் பட்டனை அழுத்தவும். சர்வருக்குப் பாட்டு எதற்கு என்று நிறுத்தி வைத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

வைஃபை வரவில்லையா? 2022 வரையிலான சர்வர் பதிப்புகளில் வைஃபை வசதி தானாக இன்ஸ்டால் ஆவதில்லை. சர்வர் மேனேஜரில் மேனேஜ் என்ற மெனுவைத் திறந்து, ஆட் ரோல்ஸ் அண்ட் பீச்சர்ஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். பீச்சர்ஸ் பட்டியலில் வயர்லெஸ் லேன் சர்வீஸ் என்பதில் டிக் செய்து இன்ஸ்டால் செய்திடவும். பின் ரீஸ்டார்ட் செய்யவும்.

இணையதளங்கள் தடுக்கப்படுகின்றனவா? சர்வர் மேனேஜரில் லோக்கல் சர்வர் பிரிவில் ஐஇ என்ஹான்ஸ்டு செக்யூரிட்டி என்ற வரி இருக்கும். தடுப்பது அதுதான். அதை நிறுத்துவதைவிட, பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும் வேறு ஒரு பிரவுசரை இன்ஸ்டால் செய்துகொள்வது நல்லது.

இவற்றுக்குப் பின்னும் வேலை செய்யாதவைதான் உண்மையான டிரைவர் பிரச்சினைகள். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறக்கவும். மஞ்சள் நிற ஆச்சரியக்குறி உள்ள சாதனத்தின் மீது ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், பின் டீடெய்ல்ஸ் டேபுக்குச் செல்லவும். பிராப்பர்ட்டி பட்டியலில் ஹார்ட்வேர் ஐடி என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு நீண்ட குறியீடு தெரியும். அதில் விஇஎன் என்பதற்குப் பின் வருவது தயாரிப்பாளரின் எண். 8086 என்றால் இன்டெல், 10டிஇ என்றால் என்விடியா, 1002 என்றால் ஏஎம்டி, 10இசி என்றால் ரியல்டெக். அடுத்து டிஇவி என்பதற்குப் பின் வருவது அந்தச் சாதனத்தின் எண். பெயர் தெரியாத சாதனத்துக்கும் இதை வைத்துத் தயாரிப்பாளரின் தளத்தில் டிரைவரைத் தேடலாம்.

தளத்தில் சர்வர் 2019க்கு டிரைவர் இல்லை என்று இருந்தால் உடனே மனம் தளர வேண்டாம். சர்வர் சிஸ்டங்களும் வீட்டு விண்டோஸும் ஒரே வயிற்றில் பிறந்தவை. சர்வர் 2008 ஆர்2, விண்டோஸ் 7 உடன் பிறந்தது. சர்வர் 2012 ஆர்2, விண்டோஸ் 8.1 உடன். சர்வர் 2016, விண்டோஸ் 10ன் 1607 பதிப்புடன். சர்வர் 2019, விண்டோஸ் 10ன் 1809 பதிப்புடன். சர்வர் 2025, விண்டோஸ் 11ன் 24எச்2 பதிப்புடன். எனவே உடன்பிறந்த வீட்டு விண்டோஸின் 64 பிட் டிரைவர் பெரும்பாலும் இதிலும் வேலை செய்யும்.

ஆனால் டிரைவரின் செட்அப் பைலை டபுள் கிளிக் செய்தால், இந்த ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு ஆதரவில்லை என்று மறுக்கலாம். செட்அப் பைலை ஒரு போல்டரில் விரித்து வைத்துக்கொண்டு, டிவைஸ் மேனேஜரில் அப்டேட் டிரைவர் என்பதைத் தேர்ந்தெடுத்து, அந்த போல்டரைக் காட்டுங்கள். பல சமயம் இது போதும். அதற்கும் மறுத்தால், தயாரிப்பாளர் வேண்டுமென்றே தடுத்திருக்கிறார் என்று பொருள். டிரைவருடன் வரும் ஐஎன்எஃப் பைலில், எந்த வகை விண்டோஸில் இன்ஸ்டால் ஆகலாம் என்று குறிப்பிட முடியும். வீட்டு விண்டோஸின் எண் 1, சர்வரின் எண் 3. வீட்டுக் கம்ப்யூட்டர்களின் மதர்போர்டில் வரும் சில நெட்வொர்க் கார்டுகளின் டிரைவரில் 1 மட்டுமே இருக்கும்.

இந்த பைலைத் திறந்து எண்ணை மாற்றிவிடுங்கள் என்று சிலர் யோசனை சொல்வார்கள். மாற்றினால் டிரைவரின் டிஜிட்டல் கையெழுத்து செல்லாததாகிவிடும். பின் அதை ஏற்க வைக்க விண்டோஸின் கையெழுத்துச் சோதனையையே நிறுத்த வேண்டிவரும். அந்தக் கதவைத் திறந்தால் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், சர்வர் ஆதரவுள்ள ஒரு யுஎஸ்பி நெட்வொர்க் அடாப்டர் வாங்குவது அதைவிட நல்ல வழி.

வீட்டு உபயோகத்துக்கான இலவச ஆன்டி வைரஸ்களில் பலவும் சர்வரில் இன்ஸ்டால் ஆக மறுக்கும். சர்வர் 2016 முதல் மைக்ரோசாப்டின் டிஃபெண்டர் உள்ளேயே இருக்கிறது. அது இயங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது சிக்கல்: அப்கிரேட்

முதலில் ஒரு முக்கியச் செய்தி. சர்வர் சிஸ்டத்திலிருந்து விண்டோஸ் 10 அல்லது 11க்கு, புரோகிராம்களை அப்படியே வைத்துக்கொண்டு அப்கிரேட் செய்யும் வழி இல்லை. பேக்கப் எடுத்துவிட்டுப் புதிதாகத்தான் இன்ஸ்டால் செய்ய வேண்டும்.

ஒரு சர்வர் பதிப்பிலிருந்து இன்னொரு சர்வர் பதிப்புக்குப் போகப் படிகள் உண்டு. 2008 ஆர்2 உள்ளவர்கள் 2012 ஆர்2 வரைதான் ஒரே தாவலில் செல்லலாம். 2012 ஆர்2விலிருந்து 2016 அல்லது 2019. 2016லிருந்து 2019 அல்லது 2022. 2024 நவம்பரில் வெளியான சர்வர் 2025க்கு மட்டும், 2012 ஆர்2 முதல் எந்தப் பதிப்பிலிருந்தும் நேரடியாகச் செல்லலாம். 32 பிட் சிஸ்டத்தை 64 பிட்டாக அப்கிரேட் செய்ய முடியாது.

அப்கிரேட் செய்யும்போது, பைல்களையும் புரோகிராம்களையும் வைத்துக்கொள் என்ற தேர்வு மங்கலாக, கிளிக் செய்ய முடியாமல் இருந்தால் அப்படியே தொடராதீர்கள். தொடர்ந்தால் புரோகிராம்கள் போய்விடும். மங்கலாக இருப்பதன் காரணங்கள் பெரும்பாலும் மூன்று: மொழி வேறாக இருப்பது, பதிப்பு பொருந்தாதது, இருப்பது இவாலுவேஷனாக இருப்பது.

பாதியில் நின்று, 0எக்ஸ்சி1900101 என்று தொடங்கும் பிழை எண்ணுடன் பழைய சிஸ்டத்துக்கே திரும்பினால், குற்றவாளி ஏதோ ஒரு டிரைவர். பிரிண்டர், ஸ்கேனர், பென் டிரைவ் எல்லாவற்றையும் கழற்றுங்கள். வெளியிலிருந்து வாங்கிப் போட்ட ஆன்டி வைரஸை நீக்குங்கள். டிஸ்ப்ளே, ஸ்டோரேஜ் டிரைவர்களைப் புதுப்பித்து மீண்டும் முயலுங்கள். சி டிரைவில் 30 ஜிபிக்குக் குறையாமல் இடம் விடுங்கள். நெட்வொர்க் டிரைவரை முன்கூட்டியே ஒரு பென் டிரைவில் காப்பி செய்து வைத்துக்கொள்ளுங்கள். இன்ஸ்டால் முடிந்தபின் இன்டர்நெட் இல்லாமல், இன்டர்நெட்டிலிருந்து டிரைவர் இறக்க முடியாது அல்லவா?

ஏன் அப்கிரேட் செய்ய வேண்டும், ஓடுகிறவரை ஓடட்டும் என்று நினைப்பவர்கள் 2017 மே மாதத்தை நினைவில் கொள்ளுங்கள். வான்னாக்ரை என்ற வைரஸ், அப்டேட் செய்யப்படாத விண்டோஸ் கம்ப்யூட்டர்களின் பைல் பகிர்வு வசதியில் இருந்த ஓட்டை வழியாக உலகம் முழுவதும் பரவி, பைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அதற்கான அப்டேட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வந்திருந்தது. சர்வர் 2003க்கு ஆதரவு 2015 ஜூலை 14லும், 2008 மற்றும் 2008 ஆர்2வுக்கு 2020 ஜனவரி 14லும், 2012 மற்றும் 2012 ஆர்2வுக்கு 2023 அக்டோபர் 10லும் முடிந்துவிட்டது. 2016க்கு 2027 ஜனவரி 12, 2019க்கு 2029 ஜனவரி 9, 2022க்கு 2031 அக்டோபர் 14 கடைசி நாட்கள்.

லைசென்ஸே வேண்டாம் என்றால்?

தமிழக அரசு நிறுவனமான எல்காட் இந்தக் கேள்வியை முன்பே எதிர்கொண்டது. சி. உமாசங்கர் அதன் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, 2007ல் தன் கம்ப்யூட்டர்களையும் சர்வர்களையும் சூசே லினக்ஸுக்கு மாற்றும் பணியில் இறங்கியது. லைசென்ஸ் செலவும் வைரஸ் தொல்லையும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். அதே 2007ல் சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட பாஸ் என்ற இந்திய ஆபரேட்டிங் சிஸ்டத்தை வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தின் மூலம், விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் மாணவர்களின் வீடுகளுக்குச் சென்றது.

லினக்ஸில் கீ இல்லை, சிஏஎல் இல்லை. ஆனால் டிரைவர் பிரச்சினையும் கடைசி நாளும் அங்கும் உண்டு. சர்வர்களில் பரவலாக இருந்த சென்ட் ஓஎஸ் 7க்கு 2024 ஜூன் 30ல் ஆதரவு முடிந்தது. அதற்கு அடுத்து வந்த சென்ட் ஓஎஸ் 8, 2029 வரை இருக்கும் என்று நம்பப்பட்டு 2021 டிசம்பர் 31லேயே நிறுத்தப்பட்டது. உபுண்டு போன்றவற்றில் எல்டிஎஸ் என்று குறிக்கப்பட்ட பதிப்பைத் தேர்ந்தெடுத்தால் 5 ஆண்டுகளுக்கு இலவச அப்டேட் கிடைக்கும். இன்ஸ்டால் செய்யும் முன் பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்த்து, உங்கள் பிரிண்டரும் வைஃபையும் வேலை செய்கின்றனவா என்று தெரிந்துகொள்ளலாம்.

கிளியனூரில் என்ன செய்தோம்?

ரீஆர்ம் எண்ணிக்கை பூஜ்ஜியம். யாரோ ஏற்கெனவே எல்லாவற்றையும் பயன்படுத்தி முடித்திருந்தார்கள். வாடிக்கையாளர்களின் ஸ்கேன் பைல்கள், திருமணப் பத்திரிகை டிசைன்கள் எல்லாம் சேர்த்து 140 ஜிபி. இருந்த பழைய எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 30 எம்பி வேகத்தில்தான் எழுதியது. மொத்தமாகக் காப்பி செய்ய 75 நிமிடத்துக்கு மேல் ஆகும்; நமக்குக் கிடைப்பதோ 60 நிமிடம். எனவே போல்டர் போல்டராகப் பிரித்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே காப்பி செய்தோம். ஐம்பதாவது நிமிடத்தில் நாங்களே அணைத்து, மீண்டும் ஆன் செய்தோம். மூன்று சுற்றில் வேலை முடிந்தது. காப்பியான பைல்களில் சிலவற்றை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்து உறுதி செய்த பிறகுதான் பழையதில் கை வைத்தோம்.

அந்தக் கம்ப்யூட்டரின் பிராசசர் பழையது என்பதால் விண்டோஸ் 11 ஏறாது. விண்டோஸ் 10க்குப் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது. ஸ்டிக்கரில் உள்ள விண்டோஸ் 7 கீயைக் கொண்டு புதிய விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் வழியையும் மைக்ரோசாப்ட் 2023ல் மூடிவிட்டது. எனவே அதில் லினக்ஸ் போட்டோம். ஆன்லைன் விண்ணப்பங்கள், ஸ்கேன், பிரிண்ட் எல்லாம் அதில் நடக்கின்றன. பத்திரிகை டிசைன் செய்யும் சாப்ட்வேர் லினக்ஸில் ஓடாது என்பதால், அதுவும் பழைய தமிழ் எழுத்துருக்களும் கடையிலுள்ள இன்னொரு விண்டோஸ் கம்ப்யூட்டருக்குப் போயின. முதல் இரண்டு நாள் பழக்கமில்லாமல் திணறினார். மூன்றாம் நாள் போன் செய்து, "சாயந்தரம் வரைக்கும் ஆஃப் ஆகல சார்" என்றார். மாற்றிப்போட்ட எஸ்எம்பிஎஸ், ராம், யுபிஎஸ் செலவு மட்டும் திரும்பி வரவில்லை.

செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே ஐந்து நிமிடம் செலவிடுங்கள். வின்வெர் கொடுத்துப் பெயரைப் பாருங்கள். ஸ்டிக்கருடன் ஒப்பிடுங்கள். லைசென்ஸ் வகையைப் பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி இருக்கிறதா என்று பாருங்கள். என்ன விண்டோஸ், என்ன லைசென்ஸ் என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காமல் திரும்புவதே லாபம்.